ரூத்தும் ஞானப்பூவும் கற்பிக்கும் குடும்பப் பற்று

(பத்தாம் வகுப்பு மாணவி)

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. மாமியார், மருமகள் என்றாலே சண்டை என்று எண்ணும்படி திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் நம்மைப் பழக்கிவிட்டன. ஆனால் குடும்பப் பற்றுக்கு விவிலியம் தரும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு எது தெரியுமா? ஒரு மாமியாரும் மருமகளுந்தான்! மாமியார் நகோமி, மருமகள் ரூத்து.

கத்தோலிக்க விவிலியத்தில் பெண்களின் பெயரால் அமைந்த நூல்கள் மூன்று. அவை ரூத்து, யூதித்து, எஸ்தர். யூதித்து பகைவனை வென்றவள். எஸ்தர் அரசி. ரூத்தோ போர் செய்யவுமில்லை, அரியணை ஏறவுமில்லை. கதிர் பொறுக்கிப் பிழைத்த ஓர் ஏழைக் கைம்பெண் அவள். அவளுக்கென்று ஒரு நூல் எழுதப்பட வேண்டிய காரணம் என்ன? மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கேள்வி எழுந்தபோது என்னால் விடை சொல்ல முடியவில்லை. வீட்டிற்கு வந்து நூலைப் படித்தேன். நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள். ஒரே மாலையில் படித்துவிடலாம். படித்து அறிந்ததை என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மோவாபு நாட்டுச் சாலையில்

இஸ்ரயேல் மக்களுக்கு அரசர் இல்லாமல் நீதித்தலைவர்கள் இருந்த காலம் அது. பெத்லகேம் ஊரில் பஞ்சம் ஏற்பட்டது. பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு' என்று பொருள். அப்பத்தின் வீட்டிலேயே அப்பம் இல்லை! எலிமலேக்கு என்பவர் தம் மனைவி நகோமியையும் மக்லோன், கிலியோன் என்ற இரு புதல்வரையும் அழைத்துக்கொண்டு, சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மோவாபு நாட்டிற்குப் பிழைக்கப் போனார். அங்கே அவர் இறந்தார். புதல்வர் இருவரும் அந்நாட்டுப் பெண்களான ஒர்பாவையும் ரூத்தையும் மணந்தனர். ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்குப்பின் அவர்களும் இறந்துவிட, மூன்று கைம்பெண்கள் மட்டும் எஞ்சினர்.

சொந்த ஊரில் பஞ்சம் நீங்கியது என்று கேள்விப்பட்டு நகோமி புறப்பட்டாள். மருமக்கள் இருவரும் உடன் நடந்தனர். வழியில் நகோமி நின்று, தாய்வீட்டிற்குத் திரும்பிச் சென்று மறுமணம் செய்துகொள்ளுமாறு அவர்களை மன்றாடிக் கேட்டாள். தனக்கு வேறு புதல்வர் இல்லை. தன்னோடு வந்தால் அவர்களுக்கு எதிர்காலமும் இல்லை என்று எடுத்துரைத்தாள். ஒர்பா அழுது, மாமியாரை முத்தமிட்டுத் திரும்பினாள். அவளைக் குறைசொல்ல இடமில்லை. நூலும் அவளைப் பழிக்கவில்லை. அவள் மாமியார் சொல்லைக் கேட்டவளே.

ரூத்து மட்டும் திரும்பவில்லை. நடக்கும் வழி, தங்கும் இடம், இனம், இறைவன், இறந்தபின் புதைக்கப்படும் மண் ஆகிய ஐந்திலும் நகோமிக்கு உள்ளதே தனக்கும் என்று கூறி, சாவு ஒன்றே தங்களைப் பிரிக்கும் என்று ஆணையிட்டாள்.

தோழியரே, இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவன் இறந்தபின் ரூத்துக்கு நகோமியிடம் எந்தக் கடமையும் இல்லை. இரத்த உறவு இல்லை, சட்டம் இல்லை, சொத்தும் இல்லை. மாமியாரே போகச் சொல்லிவிட்டாள். கட்டுகள் எல்லாம் அவிழ்ந்தபின் ஒருவர் உடனிருந்தால், அதுவன்றோ உண்மையான பற்று! இவ்வகை அன்பை எபிரேய மொழியில் 'ஹெசெத்' என்பர். நம் மொழியில் பேரன்பு, மாறாத அன்பு என்று சொல்லலாம். கடவுள் தம் மக்கள்மேல் காட்டும் அன்பிற்கு விவிலியம் வழங்கும் சொல்லே இது. ரூத்து நூலில் இச்சொல் மூன்று முறை வருகிறது.

கதிர் பொறுக்கும் உரிமை

பெத்லகேமை அடைந்தபோது வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருந்தது. உண்ண வழியில்லை, அன்பு மட்டும் வயிற்றை நிரப்புமா? ரூத்து வயலுக்குச் சென்று, அறுப்பவர்களின் பின்னால் சிந்திய கதிர்களைப் பொறுக்கத் தொடங்கினாள். இது பிச்சையன்று, மோசேயின் சட்டம் ஏழைகளுக்குத் தந்த உரிமை. வயலின் ஓரங்களை முற்றிலும் அறுக்கக் கூடாது; சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது; மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அவையெல்லாம் ஏழைக்கும் அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை என்று லேவியர் நூலும் இணைச்சட்ட நூலும் கூறுகின்றன. ரூத்து ஏழை, அந்நியப் பெண், கைம்பெண் ஆகிய மூன்றுமாக இருந்தாள்.

மேலும், மோவாபியரை ஆண்டவரின் சபையில் சேர்க்கலாகாது என்று அதே இணைச்சட்ட நூலில் ஒரு விதியும் உண்டு. அந்த ஊர் மக்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியாமலே ரூத்து வந்தாள். 'மோவாபியப் பெண்' என்ற அடைமொழி அவள் பெயரோடு திரும்பத் திரும்ப வருவதை நூலைப் படிப்போர் காணலாம்.

அவள் போன வயல் போவாசு என்பவருடையது. அன்று மாலை அவள் தட்டிச் சேர்த்த தானியம் ஓர் ஏப்பா அளவு இருந்தது. அது ஏறத்தாழ நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் நிறைய இருக்கும்.

இதை நான் எங்கள் ஆயாவுக்கு (அப்பாவின் தாயாருக்கு) வாசித்துக் காட்டினேன். ஆயா சிறு வயதில், கூடுவாஞ்சேரியைச் சுற்றிக் கழனிகள் நிறைந்திருந்த காலத்தில், அறுப்பு முடிந்ததும் கதிர் பொறுக்கப் போனவர். அந்தக் கழனிகள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. ஆயா உடனே, "ஒரே நாள்லயா? அவ்ளோ வராதும்மா. முதுகு ஒடியப் பொறுக்கினாலும் ஒரு மொறம் தேறாது. ஆளுங்க வேணும்னே உருவிப் போட்டிருப்பாங்க" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் நூலில் அப்படியேதான் இருக்கிறது! கட்டுகளிலிருந்து சில கதிர்களை உருவி அவளுக்காக விட்டுவைக்கும்படி போவாசு தம் ஆட்களிடம் சொல்லியிருந்தார். நான் அதை இன்னும் வாசித்துக் காட்டவே இல்லை. ஆயாவுக்கு அந்நூல் தெரியாது, கழனி தெரியும்.

இரு வழி அன்பு

குடும்பத்திற்காகத் தன்னலம் துறப்பது என்றால், ஒருத்தி மட்டும் உழைத்துத் தேய்வதும் மற்றவர்கள் அதை ஏற்றுக்கொள்வதும் என்று சிலர் நினைக்கின்றனர். பெரும்பாலும் அந்த ஒருத்தி பெண்ணாகவே இருக்கிறாள். ரூத்து நூல் அப்படிச் சொல்லவில்லை. ரூத்து நண்பகலில் தான் உண்டு மீந்த வறுத்த தானியத்தையும் நகோமிக்காகக் கொண்டுவந்தாள். நகோமியோ ரூத்து தனக்காகவே வாழ்நாளைக் கழிக்கட்டும் என்று விடவில்லை. அவளுக்கு ஒரு நல்ல இல்லம் அமைய வேண்டும் என்று வழி தேடினாள்.

அக்காலத்தில் குடும்பத்தின் நிலம் கைவிட்டுப் போனால் அதை நெருங்கிய உறவினர் மீட்க வேண்டும் என்பது முறை. அவரை 'மீட்கும் உறவினர்' என்பர். போவாசு அத்தகைய உறவினர். ஆனால் அவரைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். ஊர் வாயிலில் பெரியோர் பத்துப் பேர் முன்னிலையில் போவாசு அவரிடம் கேட்டார். நிலத்தை மீட்க முன்வந்த அவர், ரூத்தையும் ஏற்க வேண்டும் என்றதும் தம் சொந்தச் சொத்துக்குக் கேடு வரும் என்று பின்வாங்கினார். அதற்கு அடையாளமாகத் தம் மிதியடியைக் கழற்றிக் கொடுத்தார். போவாசு ரூத்தை மணந்தார். தன் உரிமையைக் காத்துக்கொண்ட அந்த உறவினரின் பெயரை நூல் குறிப்பிடவே இல்லை. அந்நியப் பெண்ணின் பெயரோ நூலுக்கே பெயராயிற்று!

அவர்களுக்குப் பிறந்த ஓபேதை நகோமி மடியில் ஏந்தி வளர்த்தாள். ஏழு மகன்களைவிட இந்த மருமகள் மேல் என்று ஊர்ப் பெண்கள் பாராட்டினர். ஓபேதின் மகன் ஈசாய். ஈசாயின் மகன் தாவீது அரசர். மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் மூதாதையர் பட்டியலில் ரூத்தின் பெயர் இடம்பெற்றுள்ளது.

நம் நாட்டில் ஒரு ரூத்து

இஃது என்றோ, எங்கோ நடந்தது என்று சொல்லிவிட முடியாது. நம் தமிழ்நாட்டிலும் ஒரு ரூத்து வாழ்ந்தார். அவர் புனித தேவசகாயத்தின் துணைவியார் ஞானப்பூ அம்மாள்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலத்தில் 1712-ஆம் ஆண்டு பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பணிபுரிந்தார். 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் என்பவர் அவருக்கு நண்பரானார். இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். இலாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம் அது.

அவருடைய மனைவி பார்கவி. கணவர் மனம் மாறியபோது அவர் முதலில் தயங்கினார் என்பர். தயங்கியதில் வியப்பில்லை. மருமக்கள்தாய முறை வழங்கிய நாயர் குடும்பங்களில் பெண்ணின் உரிமையும் ஆதரவும் வாழ்நாள் முழுவதும் தாய்வீட்டில்தான். அந்த வீட்டை இழப்பது எல்லாவற்றையும் இழப்பதாகும். ஆயினும் அவர் திருமுழுக்குப் பெற்றுத் தெரேசா ஆனார். அப்பெயரையே தமிழில் ஞானப்பூ என்று வழங்கினர். உறவினரின் பகைக்கு அஞ்சி, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கன்குளத்தில் வாழ்ந்தார். ரூத்தைப் போலவே வீடு, நாடு, பழைய வழிபாடு ஆகிய மூன்றையும் விட்டு வந்தவர் அவர்.

1749-இல் தேவசகாயம் கைதானார். எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தப்பட்டார், அடிகள் பட்டார். மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது திருவுடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினருள் முதல் புனிதர் அவரே. அவரது திருநாளான ஜனவரி 14 பொங்கலை ஒட்டி வருவதால் நமக்கு நினைவில் வைப்பது எளிது.

ஞானப்பூ அம்மாள் என்ன ஆனார்? கணவர் இறந்தபின் அவர் விசுவாசத்தை விட்டுவிட்டுத் தாய்வீடு திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து 1766-இல் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கணவருக்குப்பின் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவருக்கு ஒரு போவாசு வரவில்லை. மடியில் ஏந்த ஓர் ஓபேதும் வரவில்லை. ரூத்தின் கதையை மட்டும் படித்தால், பற்றோடு இருந்தால் கைம்மாறு கிடைக்கும் என்று நாம் தவறாக எண்ணிவிடக் கூடும். கைம்மாறு கிடைக்காத இடத்திலும் மாறாமல் நிற்பதே ஹெசெத் என்று ஞானப்பூ அம்மாளின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

காணிக்கை என்னும் சாக்கு

நம் ஆண்டவர் இயேசு இதுபற்றி என்ன கூறினார்? மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் 'கொர்பான்' என்ற சொல் வருகிறது. கடவுளுக்குக் காணிக்கையாக நேர்ந்தது என்பது அதன் பொருள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் விடுவதை அக்காலத்தில் சிலர் வழக்கமாக்கியிருந்தனர். இயேசு இதை வன்மையாகக் கண்டித்தார். ஆலயத்தின் பெயரைச் சொல்லியும்கூட முதியோரைக் கைவிட முடியாது என்பது அவர் தீர்ப்பு. சிலுவையில் தொங்கியபோதும் தம் தாயைத் தாம் அன்பு செய்த சீடரிடம் ஒப்படைத்தவர் அன்றோ அவர்!

சீராக்கின் ஞான நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. முதுமையில் பெற்றோரின் அறிவு குன்றினாலும் பொறுமையாக இரு. உன் வலிமையைக் கண்டு அவர்களை இகழாதே என்று அது அறிவுறுத்துகிறது. நம் நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் 'பிள்ளைகள்' என்று சொல்லும்போது மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைக் குறிப்பிட்டது, மருமகளைக் குறிப்பிடவில்லை. சட்டம் குறிப்பிடாத இடத்தில்தான் ரூத்து நின்றாள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் என் அம்மா நிற்கிறார்.

எங்கள் வீட்டில்

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காரியங்கள் முடிந்த வாரத்தில் ஒரு நாள் இரவு ஆயா அம்மாவைக் கூப்பிட்டு, "நீ சின்ன வயசு. புள்ளைய கூட்டிக்கினு உங்க அம்மா வீட்டுக்குப் போயிடும்மா. நான் என் பொண்ணு வீட்ல இருந்துக்கறேன்" என்றார். அம்மா ரூத்தைப் போலப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய் மறுநாள் மாவுக்கு அரிசி ஊறப் போட்டார். "அத்தே, காலையில தோசையா இட்லியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு பின்பு எழவே இல்லை. அன்று எனக்கு அது விளங்கவில்லை. ரூத்து நூலைப் படித்தபின்தான் விளங்கிற்று.

அம்மா விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறார். மாலையில் அவர் வரும்வரை ஆயாவும் நானும் மட்டுமே வீட்டில். இப்போது ஆயாவுக்கு ஞாபக மறதி. என்னை என் அத்தை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார். பத்தாம் வகுப்பிற்கு வந்ததிலிருந்து நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "எனக்குப் பரீட்சை இருக்கு ஆயா" என்று சொல்வது வழக்கமாயிற்று. பல நாட்களில் உள்ளே நான் படித்துக்கொண்டும் இருக்கவில்லை. கொர்பான் என்ற சொல்லின் விளக்கத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்று தைத்தது. பரீட்சை என்பதே என் கொர்பான்! அம்மா தம் உழைப்பைக் கொடுக்க, நான் ஆயாவுக்கு அரை மணி நேரம்கூடக் கொடுக்காமல் இருந்தேன்.

இப்போது நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்து விவிலியம் வாசிக்கிறேன். ரூத்து நூலை மூன்று முறை வாசித்தாயிற்று. ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுக்கதைதான். ஆனால் கதிர் பொறுக்கும் இடம் வந்ததும், "அவ்ளோ வராதும்மா" என்று தவறாமல் சொல்கிறார்! இதனால் என் மதிப்பெண் குறையவில்லை. குறைந்திருந்தாலும் அந்த அரை மணியை நான் திரும்பக் கேட்கக் கூடாது என்பதே நான் கற்றுக்கொண்ட பாடம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! யூத மக்கள் கோதுமை அறுவடைத் திருநாளில் ரூத்து நூலை வாசிக்கின்றனர். நம் திருச்சபையிலும் 2021-ஆம் ஆண்டிலிருந்து ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் ஆண்டிற்கு ஒரு நாள் வாழ்த்துச் சொல்வதால் கடமை முடிந்துவிடாது.

குடும்பப் பற்று பெண்களாகிய நமக்கு மட்டும் விதிக்கப்பட்ட சுமையன்று. போவாசைப் போல ஆண்களும், நகோமியைப் போல முதியோரும் பங்கு கொள்ள வேண்டியது. இதை நம் சகோதரர்களுக்கும் எடுத்துச் சொல்லுவோம். அதே வேளையில் நம் பங்கைச் செய்ய மறவாதிருப்போம். இன்று மாலை வீட்டிற்குப் போனதும், நம் வீட்டு முதியவர் பத்தாம் முறையாக அதே கேள்வியைக் கேட்டால், முதல் முறை கேட்டதுபோல விடை சொல்லுவோம். கதிர் கதிராகப் பொறுக்கித்தானே ரூத்தும் நகோமிக்கு உணவு சேர்த்தாள்!